வீடு கட்டப் புகுமுன்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று தமிழாசிரியரை அணுகுவோர், சங்கநூலையோ சமயநூலையோ பற்றிய ஆய்வொன்றையே எதிர்பார்ப்பர் என்பதை நாம் அறியாதவரல்லேம். ஆயினும், எம்மிடம் பயின்று வெளியேறி இன்று உத்தியோகம் வகிப்போரும் பிறநாடுகளில் உழைப்போரும் ஊருக்கு வந்து எம்மைக் காணும்போது கேட்பன இலக்கண ஐயங்கள் அல்ல. காணியையும் கிணற்றையும் கடனையும் பற்றியே அவர்கள் வினவுகின்றனர். முப்பது வயதளவில் முதன்முதலாக வீடு கட்ட முற்படும் இளைஞர் ஒருவர் என்னென்ன எண்ணவேண்டும் என்பதை ஓரளவேனும் எழுதிவைத்தல் பயனுடையதாகுமென்று கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம். நாம் பொறியியலாளர் அல்லேம். ஊரிலே பல வீடுகள் எழுவதையும், எழாது நின்றுபோவதையும் கண்டவர் என்ற அளவிலேயே எழுதுகின்றோம்.

விடு என்னும் முதனிலை நீண்டு வீடு என்றாயிற்று; ஆதலின் அது முதனிலை திரிந்த தொழிற்பெயர். விடுதலையாகிய முத்திக்கும் அதுவே பெயர். முதல் வீட்டைக் கட்டியவர் அடுத்த பதினைந்தாண்டுக்கு வங்கியினின்றும் விடுதலை பெறுவதில்லை என்பது வேறு கதை. அக்கதைக்குப் பின்னர் வருவோம்.

இற்றைநாளில் வீடு கட்ட எண்ணுவோர் முதலிற் காண்பது யாது? யாரோ ஒருவருடைய வீட்டின் முகப்புப் படம். கைத்தொலைபேசியில் வந்த அப்படத்தை மேசனிடங் காட்டி, 'இப்படி ஒன்று வேண்டும்' என்கின்றனர். முகப்பு முடிவாகியபின் மண்டபம், அதன்பின் அறைகள், அதன்பின் குசினி. எல்லாவற்றுக்கும் ஈற்றில், எஞ்சிய மூலையொன்றில் மலசலகூடத்துக்குரிய குழி வைக்கப்படுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்திலே இம்முறை தலைகீழானது என்பது எமது துணிபு. இந்நிலத்தில் வரைபடத்திலே முதலிற் குறிக்கவேண்டியது கிணறு. இரண்டாவது குறிக்கவேண்டியது மலக்குழி. அவ்விரண்டும் நிலைபெற்ற பின்னர், எஞ்சிய இடத்திலேதான் வீடு.

இவ்வாறு கூறுதற்குக் காரணம் எமது நிலத்தின் இயல்பு. குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுதானும் இல்லை. வழுக்கையாறு என்பதும் மாரிக்காலத்து மாத்திரம் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிற் பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்குமுரிய முதல். அம்மழை மேற்பரப்பிலுள்ள மண்ணினூடாக இறங்கி, மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லினுள்ளே தங்குகின்றது. சுண்ணக்கல் நீரிற் கரையுந் தன்மையது. ஆகையால் அதனுள்ளே வெடிப்புக்களும் பொந்துகளும் குகைகளும் உண்டு. கீரிமலையிலே கடலோரத்தில் நன்னீர் ஊறிவருவதும் இவ்வியல்பினாலேதான். கல்லினுள்ளே தங்கிய நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. உவர்நீர் பாரமானது, நன்னீர் பாரங் குறைந்தது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்குமென்பது பூகோள நூலார் கணக்கு. இரண்டும் கலக்கும் இடம் இருத்தலின் உண்மையில் அதனினுங் குறைவாகவே கிடைக்கும். நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை நம்மாணவர் அறிவர். எனவே, ஆழம் கூடினால் நீரும் கூடுமென்று நம்பிக் குழாய்க்கிணற்றை ஆழமாகத் துளைப்பவர், தமக்கு மாத்திரமன்றி அயலாருக்கும் உப்பை மேலே அழைக்கின்றார்.

இனிக் குழியைப் பற்றிச் சொல்வோம். மணல் நிலத்திலே குழியிலிருந்து கசியும் நீர் மெல்ல மெல்லச் செல்லுகையில் ஓரளவு வடிகட்டப்படும். வெடிப்புள்ள கல்லிலே அவ்வாறில்லை. நீர் ஒரு பிளவினுள் இறங்கிவிட்டால், வடிகட்டப்படாமலே அது எங்கு சென்று சேருமென்பதை மேலே நிற்பவர் கூறமுடியாது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கிலே 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததைப் பலரும் அறிவர். ஓரிடத்து மாசு ஓரிடத்தில் நில்லாது என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது. மலக்குழியிலிருந்தும் தோட்டத்து உரத்திலிருந்தும் வரும் நைத்திரேற்று என்னும் பொருளோ, நிறமும் மணமும் சுவையும் இல்லாதது. ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு கடந்துள்ளமையை ஆய்வாளர் பலமுறை காட்டியுள்ளனர். புட்டிப்பால் பருகும் கைக்குழந்தைகளுக்கே இதனால் பெருந்தீங்கு. குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்க, குழந்தையின் மேனி நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் தீங்கு நீங்குமென்று தாய்மார் நம்புகின்றனர். கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லும், நைத்திரேற்றை நீக்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. புதுவீட்டிலே பிறக்கப்போகும் முதற்குழந்தையின் நலம் முகப்புத் தூணிலே தங்கியிருக்கவில்லை, குழியின் இடத்திலே தங்கியிருக்கின்றது என்பதை இதனால் உணர்க.

கிணற்றுக்கும் குழிக்குமிடையே ஐம்பதடி வேண்டும் என்பது ஊரிலே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இது எத்துணை இடர் தருவதென்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். வரகுப் பரப்பு 16 கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது ஏறக்குறைய 2,722 சதுர அடி. அது சரிசதுரமாயிருப்பின் ஒருபக்கம் 52 அடி. (பதினெட்டுக் குழி கொண்டது ஒரு பரப்பு என்பது பழைய வாய்பாடு. அளவைக் குழியும் இந்தக் குழியும் ஒரு பெயர் பெற்றமை தமிழின் குறும்பு போலும்.) அக்காணியிலே ஒரு மூலையிற் கிணறும் எதிர்மூலையிற் குழியும் வைத்தாலன்றி ஐம்பதடி கிடையாது. அப்படி வைத்தாலும், அயலவர் நால்வருடைய கிணறுகள் எங்கே உள்ளன? உமது குழி உமது கிணற்றுக்குத் தூரமாகி, பக்கத்துவீட்டுக் கிணற்றுக்குப் பத்தடியில் அமையுமாயின் யாது பயன்? நான்கு பரப்பு வளவுகள் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிந்து ஒவ்வொரு பரப்பாகிய இடங்களிலே இச்சிக்கல் நாள்தோறும் பெருகுகின்றது. கிணற்றை ஈசான மூலையில் வைத்தல் மரபு; நாமும் அதனை மறுக்கவில்லை. ஆயினும் உமது ஈசான மூலை அயலவருடைய வேறொரு மூலையை ஒட்டியதென்பதை மறத்தலாகாது. வேலிக்கப்பால் எட்டிப் பார்த்து, அங்குள்ள கிணறு, குழி, மாட்டுக்கொட்டில், எருக்கும்பி ஆகிய யாவற்றையும் உமது வரைபடத்திலே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அயலவரோடு பேச்சில்லையெனினும் இதற்காகவாவது பேசுக.

தூரம் போதாதவிடத்துச் செய்யத்தக்கன சில உண்டு. அடியும் சுவரும் நீர் கசியாதவாறு பூசப்பட்ட, இரண்டு அறைகளையுடைய தொட்டியாக மலக்குழியைக் கட்டி, அதிலிருந்து வெளியேறும் நீரை மாத்திரம் ஆழங்குறைந்த உறிஞ்சு குழியினுள்ளே விடுதல் ஒன்று. இரண்டு மூன்று வீட்டார் கூடி நல்லதொரு கிணற்றைப் பங்குக்கிணறாகப் பேணி, மற்றையவற்றைக் குடிநீருக்குப் பயன்படுத்தாது விடுதல் இன்னொன்று. இது நம்மவர்க்குப் புதியதன்று. குழியின் அடி, மார்கழி மாதத்து நீர்மட்டத்துக்கு மேலே இருத்தல் வேண்டும். ஆவணியிலே காணியைப் பார்த்து 'நீர் வெகு ஆழத்தில்' என்று மகிழ்ந்து குழி தோண்டியவர், மார்கழியிலே அக்குழி நீரினுள் நிற்கக் காண்பார். ஆகவே மாரியிலொருமுறையும் கோடையிலொருமுறையும் கிணற்றிலே கயிறு விட்டு அளந்தபின்னரே வரைபடம் முடிவாதல் நன்று. பாழ்பட்ட பழங்கிணற்றை மலக்குழியாக்கும் வழக்கம் சிலவிடத்து உண்டு. அது நிலத்தடி நீரின் வாயிலே நேராக நஞ்சூட்டுவதாகும், இதனைச் செய்யாதீர்கள்.

குழாய்நீர் வருகின்றது, இனிக் கிணறு எதற்கு என்று வினவுவாருமுளர். தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது, நன்றே. ஆனால் குளிக்கவும் துவைக்கவும் தென்னைக்கும் வாழைக்கும் இறைக்கவும் கிணறே வேண்டும். கூரைநீரையும் வீணாக்கலாகாது. 1,000 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,360 லீற்றர் நீர் விழும். பீலி பூட்டி, முதலில் வரும் அழுக்கு நீரை அகற்றி, எஞ்சியதைத் தொட்டியிற் சேர்த்தால் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க நைத்திரேற்று அஞ்சவேண்டாத நீர் கிடைக்கும். பீலியையும் தொட்டியையும் வீடு கட்டியபின் ஒட்டவைப்பதினும், வரைபடத்திலேயே சேர்த்தல் செலவு குறைவு.

வரிசைப்படி முன்னரே கூறியிருக்கவேண்டியது உறுதியைப் பற்றியது. 1707 இல் ஒல்லாந்தரால் சட்டமாக உறுதிப்படுத்தப்பட்ட தேசவழமை இன்றும் எமது காணிகளை ஆளுகின்றது. கூட்டாக உரிமையுள்ள காணியிலே ஒருவர் தம்பங்கை விற்கும்போது மற்றப் பங்காளருக்கு முன்வாங்கும் உரிமையுண்டு. 1947 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதனை வரையறுத்துள்ளது. மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்குக் கணவனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்பது 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. பிரியாப் பங்கிலே வீடு கட்டியவர், சகோதரரோடு நீதிமன்றம் ஏறுதலை ஊரிலே காணாதார் இல்லை. நொத்தாரிசைக் கொண்டு பின்னோக்கி உறுதிகளை ஆராய்வித்தலும், நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளப்பித்தலும் செலவென்று கருதற்க. கிணற்றுப் பங்கும் வழியுரிமையும் உறுதியிலே சொல்லால் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். 'காலங்காலமாக இவ்வழியாலேதான் போகிறோம்' என்பது உறவு நல்லாயிருக்கும்வரை செல்லும் வழக்கு. பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ வரைபடத்துக்கு அங்கீகாரம் பெற்றபின்னரே அத்திவாரம் வெட்டுக. அங்கீகாரமில்லாத வீட்டுக்கு வங்கியும் கடன் தராது.

காற்றும் வெயிலும் அடுத்து எண்ணத்தக்கன. மேற்கு வெயில் பிற்பகல் முழுவதும் சுவரைச் சுட்டு, அச்சூட்டை இரவிலே அறைக்குள் விடும். ஆகையாற் படுக்கையறையை மேற்கிலே வைத்தல் தகாது; வைக்கவேண்டி வரின் அப்புறத்தில் ஒரு விறாந்தையோ நிழல்மரமோ வேண்டும். வைகாசி தொடங்கி வீசும் சோளகத்தை உள்ளே வரவிடுதற்குத் தெற்கிலும், அது வெளியேறுதற்கு எதிர்ப்புறத்திலும் சாளரங்கள் வேண்டும். ஒருபுறத்துச் சாளரம் மாத்திரம் காற்றைத் தராது. வாடைக்காற்றோடு வரும் மாரிமழைக்கு வடக்கிலும் கிழக்கிலும் தாவாரம் நீண்டிருத்தல் நன்று. எமது முன்னோருடைய நாற்சார் வீட்டிலே நடுமுற்றத்தினூடாக வெப்பம் மேலேறிச் செல்லத் திண்ணையிலே குளிர்ச்சி நின்றது. அவ்வீட்டை இன்று முழுதாகக் கட்டுதல் எளிதன்று. ஓடும் உயர்ந்த முகடும் தாழ்ந்த தாவாரமுமாவது கைக்கொள்ளலாம். கொங்கிறீற்றுத் தட்டின் கீழே சித்திரை மாதத்து இரவில் உறங்கியவருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. நிலமட்டத்தைத் தீர்மானிக்குமுன், 2008 நவம்பரில் நிஷாப் புயல் வந்தபோது அவ்விடத்தில் வெள்ளம் எவ்வளவு நின்றதென்று அயலிலுள்ள முதியோரை வினவுக. அவர்கள் காட்டும் சுவரடையாளத்துக்கு ஓரடியேனும் மேலே வீட்டின் தளம் அமையட்டும்.

இனி, வங்கியின் கதை. எடுத்துக்காட்டாக, நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்கு ஐம்பது இலட்சம் ரூபா கடன்பெற்றுப் பதினைந்தாண்டில் தீர்ப்பதாயின், மாதந்தோறும் ஏறக்குறைய 60,000 ரூபா கட்டவேண்டும். முடிவிலே கட்டிய தொகை நூற்றெட்டு இலட்சம். முப்பது இலட்சமே பெற்றிருப்பின் மாதத் தவணை 36,000 ரூபா. இடையிலுள்ள 24,000 ரூபாவே பிள்ளைகளின் படிப்பும் பெற்றாரின் மருந்தும் என்பதை எண்ணிப் பார்க்க. விலைவாசியும் நில்லாது. 2021 இலே ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022 இலே மூவாயிரத்தைத் தாண்டியது. அவ்வாண்டிலே சுவரோடு நின்ற வீடுகள் பல.

ஆதலின் முதல் வீட்டைப் படிப்படியாகக் கட்டத்தக்கதாகத் திட்டமிடுதலே அறிவு. ஓர் அறை, குசினி, மலசலகூடம், விறாந்தை ஆகிய நான்கும் முதலிலே முற்றுப்பெறட்டும். முற்றுப்பெறுதல் என்றால் கூரையும் கதவும் பூச்சும் நீரும் விளக்கும் உட்பட. அடுத்த அறைக்குரிய இடத்தை வரைபடத்தில் ஒதுக்கி, அப்புறத்துச் சுவரிலே வருங்காலக் கதவுக்குரிய வளையை இப்போதே வைத்துவிடுக. போரின் பின்னர் 2012 இலிருந்து வடக்கு கிழக்கிலே இந்திய உதவியாற் கட்டப்பட்ட வீடுகளுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அத்தொகைக்குள் ஏறக்குறைய 550 சதுர அடி வீட்டை முடித்தோர் நிம்மதியாகக் குடிபுகுந்தனர். மண்டபத்தைப் பெருப்பித்தோர் நகையை ஈடுவைத்தனர். 1995 இலே இடம்பெயர்ந்து, வருடக்கணக்காகப் பிறர் விறாந்தையிலே கிடந்தவருக்குத் தம் வீடு பெரிதாயிருக்கவேண்டும் என்ற ஏக்கம் எழுதல் இயல்பே; அதனை நாம் இகழவில்லை. ஆயினும் பூச்சில்லாத பெரிய வீட்டினும் பூட்டத்தக்க சிறிய வீடு மேலானது. 'பிறகு மேல்வீடு கட்டலாம்' என்று தூண்களின் மேலே கம்பிகளை நீட்டிவிடும் வழக்கத்தை மாத்திரம் எம்மாற் பொறுக்கமுடிவதில்லை. கடற்காற்றிலே அக்கம்பிகள் பத்தாண்டில் துருவேறி, கீழேயுள்ள தூணையும் வெடிக்கச் செய்கின்றன. மேல்வீடோ எழுவதில்லை.

கனடாவிலும் இங்கிலாந்திலுமிருந்து பணம் அனுப்பி வீடு கட்டுவிக்கும் பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலே நாள்தோறும் வாழப்போகின்றவர் யார்? பெரும்பாலும் எழுபது வயது கடந்த தாயும் தந்தையுமே. அவர்களுக்கு ஆறு படியேறும் முகப்பும், வழுக்கும் பளிங்குத் தரையும், மேல்மாடியிலே குளியலறையும் எற்றுக்கு? நிலமட்டத்திலே ஒரு படுக்கையறை, அதனையடுத்துக் கைபிடி பொருத்திய குளியலறை, சக்கர நாற்காலி நுழையத்தக்க மூன்றடிக் கதவு, படிக்குப் பதிலாகச் சாய்தளம், இவையே வேண்டப்படுவன. அம்மாவிடம் கேட்டால் 'உங்கள் விருப்பம், தம்பி' என்றே கூறுவார். இரண்டாம் முறையும் கேளுங்கள். குசினி எங்கே இருக்கவேண்டுமென்பதையாவது சொல்லுவார்.

பொருள்களைப் பற்றிச் சிலவே சொல்லுதும். கடற்கரை மணலைக் கொங்கிறீற்றுக்குச் சேர்த்தலாகாது. அதிலுள்ள உப்பு கம்பியை அரிக்கும். சீமெந்துக்கல் அரிந்தவுடன் சுவரேற்றாது, ஏழுநாளேனும் நீர் தெளித்துக் காத்தல் வேண்டும். ஒரு கல்லை நெஞ்சளவு உயரத்திலிருந்து விழவிட்டு உடைகின்றதா என்று பார்க்கும் மேசன்மாருடைய பரிசோதனையும் இழிவானதன்று. வைரமேறிய முதுபனை கூரைக்கு ஒப்பற்றது; ஆனால் போரிலே அழிந்தவை போக எஞ்சிய பனைகளைத் தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டும். மேசனோடு செய்யும் உடன்பாட்டை எழுத்தில் வைத்து, வேலை முடிந்த அளவுக்கே பணம் கொடுக்க. முற்பணத்தை முழுதாக வாங்கியவர் மற்றொரு வீட்டிலே நாட்கல் வைக்கப் போய்விடுவார்.

இறுதியாக ஒன்று. குழாய்களும் மின்கம்பிகளும் சுவருக்குள்ளும் நிலத்தினுள்ளும் மறையுமுன், அவை செல்லும் வழியையும், மலக்குழியின் மூடி சுவரிலிருந்து எத்தனையடியில் உள்ளதென்பதையும் ஒரு தாளிலே அளவோடு வரைந்து, நாளும் ஆண்டும் இட்டு, காணியுறுதியோடு சேர்த்து வைத்துவிடுக. இருபதாண்டின் பின்னர் குழியைத் துப்புரவு செய்ய வருபவருக்கும், அப்போது அவ்வீட்டிலே குடியிருக்கும் உம் பிள்ளைகளுக்கும் அத்தாள் வேண்டியிருக்கும்.